கினி பிக் கூண்டு விரிப்பு: தேர்வு முதல் துவைப்பு வரை, நம்மூர் ஈரத்துக்கு ஏற்றபடி

எங்கள் வீட்டுக்குக் கினி பிக் ஜோடி வந்த அன்று, கூண்டில் நான் விரித்தது அப்பாவின் பழைய வேட்டி. நான்காக மடித்தால் மெத்தென்று இருந்தது, பார்க்கவும் சுத்தம். மறுநாள் காலையில் தொட்டால் சொதசொத ஈரம். பட்டாணியும் கடுகும் (பெயர் வைத்தது மகள்) அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்து புல் மென்றுகொண்டிருந்தன. மூன்றாம் நாள் கூண்டைத் திறந்தபோது என் கண்ணே எரிந்தது.

அடுத்து, தெருமுனைத் தச்சுப் பட்டறையில் ஒரு சாக்கு மரத்தூள் வாங்கிவந்து கொட்டினேன். அது இன்னும் பெரிய தப்பு. நாலு நாளில் கடுகுக்குத் தும்மல்.

அதன்பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் பாதி நமக்குப் பொருந்தவில்லை. அவை குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதியவை. அங்கே வீட்டுக்குள் காற்று வறண்டிருக்கும், துவைத்த துணியை டிரையரில் போட்டுவிடுவார்கள். சென்னையிலோ நாகையிலோ தூத்துக்குடியிலோ விரிப்பு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது எவ்வளவு சீக்கிரம் காயும்? இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகிறது.

ஈரம் என்ன செய்யும்

கினி பிக்கின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பெரு, பொலிவியா பக்கம் இறைச்சிக்காகப் பல ஆயிரம் ஆண்டுகளாக வளர்க்கிறார்கள். அடுக்களைத் தரையிலேயே ஓடித் திரியும். குளிர்ந்த உயர்நிலத்து உயிர். அதற்குச் சுகமான வெப்பம் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். நாம் அதைக் கொண்டுவந்து கடற்கரைப் புழுக்கத்தில் வைத்திருக்கிறோம்.

அதன் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். முடியே இருக்காது, குழந்தையின் பாதம் மாதிரி வெறும் தோல். ஈரத்தில் ஊறினாலும் கரடுமுரடில் உரசினாலும் அந்தத் தோல் வெடிக்கும். வெடிப்பு வழியே ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி புகுந்தால் பாதம் வீங்கிப் புண்ணாகும். இதைத்தான் 'பம்பிள்ஃபுட்' என்கிறார்கள். முற்றினால் எலும்பு வரைக்கும் போகும், ஆற மாதக்கணக்கில் ஆகும். உடல் பருமனும் வைட்டமின் சி குறைவும் சேர்ந்தால் இன்னும் வேகமாக வரும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: புண்ணைப் பார்த்துவிட்டு வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலிலுள்ள நல்ல பாக்டீரியா அழிந்து கினி பிக் செத்தே போகும்.

இரண்டாவது, அம்மோனியா. சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா சிதைக்கும்போது வரும் வாயு. நாம் நின்றபடி மூக்கைச் சுளிக்கும் அளவுக்கு வாடை வந்தால், தரையோடு தரையாக மூச்சுவிடும் அவற்றுக்கு எப்படி இருக்கும்! மூச்சுக்குழாயை அரித்து, நிமோனியாவுக்கு வழிவிடும்.

மூன்றாவது நம்மூருக்கே உரியது: பூஞ்சை. முகத்தில் மூக்கைச் சுற்றி முடி கொட்டிச் செதில் செதிலாகத் தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதருக்கும் ஒட்டும். தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளின் கையில் வட்ட வட்டமாக வரும்.

எதை விரிக்கலாம், எதைத் தொடவே கூடாது

வேட்டியில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லா வீட்டிலும் முதலில் கைக்கு வருவது அதுதான். பழைய வேட்டி, காட்டன் புடவை, சாக்கு. பருத்தி தண்ணீரைக் குடித்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மேலே படுக்கும் பிராணியின் வயிறும் காலும் அந்த ஈரத்தில்தான் கிடக்கும். கடித்தால் நூல் பிரிந்து விரலில் சுற்றிக்கொள்ளும். சாக்கு இன்னும் மோசம், பாதத்தை அரம் மாதிரி ராவிவிடும். ஆனால் வேட்டிக்கும் ஓர் இடம் உண்டு, பின்னால் வருகிறேன்.

பட்டறை மரத்தூள் வேண்டவே வேண்டாம். அது எந்த மரம் என்று பட்டறைக்காரருக்கே தெரியாது. தேக்குத் தூள் மனிதத் தோலையே அரிக்கும். பிளைவுட், எம்.டி.எஃப் அறுத்த தூளில் பசையும் ஃபார்மால்டிஹைடும் இருக்கும். நல்ல மரமாகவே இருந்தாலும் அந்த நயமான தூசி மூக்குக்குள் போகும், ஆண் கினி பிக்கின் குறியில் போய் அப்பிக்கொள்ளும்.

தூள் வேறு, சீவல் வேறு. இழைப்புளி தள்ளும்போது சுருண்டு வருமே, அந்த மாதிரி அகலமான மரச்சீவல் நல்ல விரிப்பு. செல்லப்பிராணிக் கடைகளில் பையாகக் கிடைக்கும். ஆஸ்பென் என்று போட்டிருந்தால் தயங்காமல் வாங்கலாம். பைன் என்றால் 'கில்ன் டிரைடு' என்ற சொல் பையில் இருக்கிறதா பாருங்கள். சூளையில் உலர்த்தும்போது அந்த மரத்தின் வாசனை எண்ணெய்களில் பெரும்பகுதி போய்விடும். போகாவிட்டால் அவை நுரையீரலையும் கல்லீரலையும் பாதிக்கும். சிடார் எந்த வடிவிலும் ஆகாது. பையைத் திறந்ததும் 'ஆகா, என்ன மரவாசனை' என்று தோன்றினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நெல் உமி மலிவு, எளிதில் கிடைக்கும். ஆய்வகங்களிலும் கோழிப்பண்ணையிலும் விரிக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. உமி அவ்வளவாக ஈரம் இழுக்காது, முனை கூர்மை, தூசியும் அதிகம். தவிர்ப்பதே நல்லது. வைக்கோலும் அப்படித்தான்: ஈரத்தைக் கீழே வழியவிடுமே தவிரப் பிடித்துவைக்காது, தண்டு கண்ணில் குத்தும். தென்னை நார்க்கழிவு தண்ணீரை ஏராளமாகக் குடிக்கும், ஆனால் காய்ந்தால் பறக்கும், நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். மாடித்தோட்டத்துக்கே இருக்கட்டும். கட்டியாக உறையும் பூனை லிட்டரை (பூனையின் கழிவுத் தட்டில் கொட்டும் மணல்) தின்றால் வயிற்றுக்குள்ளும் கட்டியாகும். அதைப் பற்றி வேறு பேச்சே இல்லை.

செய்தித்தாள் அடியில் போடலாம், மேலே தனியாக ஆகாது. சீக்கிரம் ஊறும், ஊறியதில் கால் வழுக்கும். காகிதக்கூழில் செய்த விரிப்பு நன்றாக ஈரம் இழுக்கும், தூசி குறைவு, காலுக்கும் மெத்தென்று இருக்கும். ஒரே குறை விலை. கூண்டு முழுக்கப் போட்டால் மாதக் கணக்கு மளிகைக் கணக்கோடு போட்டி போடும். அதனால் அதை ஒரு மூலைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

மிச்சம் இருப்பது ஃபிளீஸ். ஆண்டில் பெரும்பகுதி நான் பயன்படுத்துவது அதுதான்.

ஃபிளீஸ் படுக்கை போடும் முறை

முதலில் துணியைச் சரியாக வாங்க வேண்டும். திருப்பூர் பக்கம் பனியன் துணிக்காரரிடம் 'ஃபிளீஸ்' என்று கேட்டால் உள்பக்கம் சுரண்டிவிட்ட பருத்தித் துணியை எடுத்துப் போடுவார். ஸ்வெட் ஷர்ட் தைக்கும் துணி. அதுவும் வேட்டி மாதிரிதான், குடிக்கும். நமக்கு வேண்டியது பாலியஸ்டர் போலார் ஃபிளீஸ், மெல்லிய போர்வையாக விற்பது. பாலியஸ்டர் இழை தண்ணீரைக் குடிப்பதில்லை. இழைகளின் இடைவெளி வழியே கீழே கடத்திவிடும். மேல்துணி கடத்த வேண்டும், கீழ்த்துணி குடிக்க வேண்டும்: இந்த ஏற்பாடு முழுவதும் இவ்வளவுதான். வெளிர் நிறமாக வாங்குங்கள், காரணம் கடைசியில் வரும்.

1. புது ஃபிளீஸ் தண்ணீரைத் தள்ளும். மேலே பூசிய பூச்சு போகும்வரை வெந்நீரில், கொஞ்சம் சோப்புத்தூளோடு, இரண்டு மூன்று முறை துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் ஒரு சொட்டுகூட வேண்டாம். அது இழையின் மேல் படிந்து மறுபடியும் தண்ணீரைத் தள்ள வைக்கும்.

2. சோதியுங்கள். ஒரு துவாலை மேல் ஃபிளீஸை விரித்து ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் இன்னொரு துவைப்பு. உடனே உள்ளே இறங்கி, சற்று நேரத்தில் மேலே டிஷ்யூவை அழுத்தினால் ஈரம் ஒட்டாவிட்டால் தயார்.

3. கூண்டின் அடியில் நீர் கசியாத தளம் இருக்கட்டும். விளம்பரத் தட்டி செய்யும் சன்பேக் ஷீட்டை ஓரம் மடக்கி, ஆறு அங்குலச் சுவரோடு பெட்டியாக்கினால் போதும். கம்பித் தளமுள்ள கூண்டாக இருந்தால் அந்தக் கம்பியைக் கழற்றி எறியுங்கள். பாதப் புண்ணுக்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது.

4. அதன் மேல் குடிக்கும் அடுக்கு. பழைய டர்க்கி டவல் இரண்டு. இல்லையென்றால் நாலைந்தாக மடித்த அதே வேட்டி, புடவை. அவற்றின் இடம் இதுதான். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் அண்டர்பேடும் (படுத்த படுக்கையான நோயாளிக்கு அடியில் விரிக்கும், ஈரம் உறிஞ்சும் விரிப்பு) போடலாம், ஆனால் ஓரத்தைக் கடித்து உள்ளிருக்கும் ஜெல்லைத் தின்றுவிடாதபடி முழுக்க மூட வேண்டும்.

5. மேலே ஃபிளீஸ். கூண்டின் அளவைவிட எல்லாப் பக்கமும் அரை அடி கூடுதலாக வெட்டி, டவலுக்கு அடியில் செருகிவிடுங்கள். கினி பிக் துணிக்கு அடியில் நுழைவதில் மன்னன். ஓரம் தூக்கியிருந்தால் பொழுது விடிவதற்குள் அது கீழே, துணி மேலே.

6. புல் வைக்கும் மூலைக்கு ஒரு தாழ்வான டிரே. இதைத் தவறவிடாதீர்கள். தின்னும்போதே சிறுநீர் கழிப்பது இவற்றின் பழக்கம். அந்த டிரேயில் இரண்டு அங்குலத்துக்குக் காகித விரிப்போ மரச்சீவலோ போட்டு, அதன் மேல் புல்லை வைத்தால் பெரும்பகுதி ஈரம் அங்கேயே நின்றுவிடும். டிரே வருவதற்கு முன் இரண்டு நாளைக்கு ஒருமுறை துணி மாற்றினேன். இப்போது நாலு நாள் தாங்குகிறது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கினி பிக்குக்குக் குறைந்தது 7.5 சதுர அடி, பத்தைத் தாண்டினால் நல்லது. கடையில் 'கூண்டு' என்று தரும் கையகலப் பெட்டியில் எந்த விரிப்பும் ஒரே நாளில் நாறும். அதற்கு விரிப்பைக் குறைசொல்லிப் பயனில்லை.

சீவல் போடுவதென்றால்

அடியில் ஐந்தாறு தாள் செய்தித்தாள். அதன் மேல் இரண்டிலிருந்து மூன்று அங்குல உயரத்துக்குச் சீவல். சிக்கனம் பார்த்து மெல்லிசாகத் தூவினால் ஈரம் மேலேயே நின்று, கடைசியில் அடிக்கடி மாற்றி இரட்டிப்புச் செலவாகும். கொட்டும் முன் பையை வெளியே வைத்து உதறி, தூசியை அடியில் தங்கவிட்டு மேலாக அள்ளுங்கள். பிரித்த பையைத் தரையில் வைக்காதீர்கள். மூடியுள்ள பெயின்ட் வாளிக்கு மாற்றிவிடுங்கள், மழைக்காலத்தில் பை தானாகவே ஈரம் வாங்கும். அள்ளும்போது பூஞ்சை வாடை அடித்தால் முழு வாளியும் குப்பைக்கு.

தினசரி, வாராந்திரம்

ஒரு கினி பிக் நாளுக்கு நூறு புழுக்கைக்கு மேல் போடும். மிகையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையற்றுப்போய் எண்ணியிருக்கிறேன். ஃபிளீஸ் என்றால் காலை, மாலை இரு வேளையும் சின்னத் துடைப்பமும் முறமும் போதும். ஐந்து நிமிட வேலை. அப்போதே அவை ஒளிந்து படுக்கும் குடிலைத் தூக்கி அடியில் கைவைத்துப் பாருங்கள். படுத்துத் தூங்கும் இடம்தான் முதலில் ஊறும், கண்ணுக்குத் தெரியாமல். அந்த இடத்துக்கு மட்டும் தலையணை அளவில் தனி ஃபிளீஸ் துண்டு போட்டு, தினமும் அதை மட்டும் மாற்றலாம்.

சீவலில் ஈரமான திட்டுகளை மட்டும் தினமும் அள்ளி, புதியதை இட்டு நிரப்புங்கள். வாரம் ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். டிரேயை ஒருநாள் விட்டு ஒருநாளாவது காலி செய்யுங்கள்.

தளத்தில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு போன்ற கறை சிறுநீரிலுள்ள கால்சியம். சோப்புக்கு அசையாது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபாகம் கலந்து ஊற்றி, கால்மணி நேரம் கழித்துத் தேய்த்தால் வந்துவிடும். கழுவிய தளம் நன்றாகக் காய்ந்தபிறகுதான் விரிப்பு. அவசரத்தில் ஈரத்தளத்தின் மேல் டவலைப் போட்டால் மூன்றாம் நாள் வாடையே காட்டிக்கொடுக்கும்.

வாடையைச் சோதிக்க நின்றபடி முகராதீர்கள். வெளியே போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் போய்க் குனிந்து, அவற்றின் உயரத்துக்கு மூக்கை வையுங்கள். அரைமணி நேரம் அதே அறையில் உட்கார்ந்தவர் மூக்கை நம்ப முடியாது.

துவைப்பு

துணியை அப்படியே மெஷினில் போட்டால், முடியும் புல் துரும்பும் வடிகட்டியை அடைத்து, வீட்டில் சண்டை நிச்சயம். மாடிக்கு எடுத்துப்போய் உதறுங்கள். பிறகு ரப்பர் கையுறை போட்டு ஒரே திசையில் தடவினால் முடி திரண்டு வரும். ஒரு பெரிய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி மெஷினில் இடுங்கள். வீட்டுத் துணியோடு கலக்க வேண்டாம். வெந்நீர் வசதி இருந்தால் 60 டிகிரி. வாசனையில்லாத சோப்பு, வழக்கத்தைவிடக் குறைவாக. கடைசி அலசலில் அரை டம்ளர் வினிகர். கையால் துவைப்பவர்கள் முதலில் பச்சைத்தண்ணீரில் அலசிச் சிறுநீரைப் போக்கிவிட்டுப் பிறகு சோப்பில் ஊறவையுங்கள்.

பின் கொடியில், வெயிலில். டவலின் மடிப்புகள் காய்ந்தனவா என்று விரலால் பிடித்துப் பார்த்தபிறகே அலமாரிக்கு. அலமாரியில் அந்துருண்டை இருந்தால் இந்தத் துணியை அங்கே வைக்காதீர்கள். நாஃப்தலின் வாயு இவற்றுக்கு விஷம்.

ஐப்பசி மழையும் அக்னி நட்சத்திரமும்

மே மாதத்தில் ஃபிளீஸ் கொடியில் போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் காய்ந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் அதே துணிக்குக் கீழே போடும் டவல் இரண்டு நாளானாலும் பிசுபிசுவென்றிருக்கும். மற்ற மாதங்களுக்கு மூன்று செட் போதும், மழைக்கு ஐந்து வேண்டும். அவ்வளவு துணி இல்லாதவர்கள், இருந்தாலும் காயப்போட இடமில்லாத அடுக்குமாடிக்காரர்கள், அந்த இரண்டு மூன்று மாதம் சீவலுக்கு மாறிவிடுங்கள். நான் மாறிவிடுகிறேன். முழுக்கக் காயாத துணியைப் 'பரவாயில்லை, உடல் சூட்டில் காய்ந்துவிடும்' என்று போட்ட ஒரு நவம்பரில்தான் பட்டாணியின் மூக்கோரம் படர்தாமரை வந்தது.

மழைக்காலத்தில் ஈக்களையும் கவனியுங்கள். பின்பக்கம் ஈரமும் அழுக்குமாக இருக்கும் கினி பிக் மேல் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைக்கும். நீளமுடி வகை வைத்திருப்பவர்கள் பின்பக்க முடியைக் கத்தரித்துவிடுங்கள்.

கோடையில் வேறு கதை. சூடு தாங்காமல் நீட்டிப் படுக்கும்போது ஃபிளீஸின் கதகதப்பே பாரம். கூண்டின் ஒரு மூலையில் விரிப்பை விலக்கி ஒரு டைல்ஸ் துண்டு வையுங்கள், தானாகவே போய்ப் படுத்துக்கொள்ளும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி வைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: பாட்டில் வியர்க்கும், விரிப்பு நனையும். ஒரு தட்டின் மேல் வையுங்கள்.

எறும்பு, பினாயில்

இனிப்புப் பழத்துண்டு ஒன்று சிந்தினால் போதும், எறும்பு ஊர்வலம் தொடங்கிவிடும். சாக்பீஸ் வடிவ எறும்பு மருந்தால் கோடு போடாதீர்கள். அது பூச்சிக்கொல்லி, விரிப்பில் ஒட்டி வாய்க்குப் போகும். கூண்டை ஒரு ஸ்டாண்டில் ஏற்றி, கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். பாட்டி காலத்தில் பலகார அலமாரிக்குச் செய்த அதே வேலை. கூண்டிருக்கும் அறையில் பினாயில் போட்டுத் துடைப்பதையும் கொசுவர்த்தி ஏற்றுவதையும் நிறுத்துங்கள்.

விரிப்பில் தெரியும் நோய்

வெளிர் நிறத் துணி கேட்டது இதற்காகத்தான். கறை உலர்ந்து வெண்பொடியானால் இயல்பு. மணல் மாதிரி நெருடினால் கல் உருவாகிறதோ என்று பார்க்க வேண்டும். சிறுநீர் காற்றுப்பட்டு ஆரஞ்சாக மாறுவதுண்டு, பயப்பட வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே சிவப்பாக இருந்தால் ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விடுங்கள். நுரைத்தால் இரத்தமாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவர். புழுக்கை சிறுத்து, ஒருமுனை கூராகி, எண்ணிக்கையும் பாதியானால் தீனி எடுக்கவில்லை என்று பொருள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், குடல் நின்றால் ஒரு நாள்கூடத் தாங்காமல் போகலாம்.

நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவருக்கும் கினி பிக் பழக்கமிருக்காது, முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கிளம்பும்போது கறைபட்ட துணியையும் ஒரு பிடி புழுக்கையையும் தனித்தனிக் கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.